கடைசி நாற்பது மீட்டர்

சந்தாபுரா சர்க்கிளிலிருந்து பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியம் சுமார் 25 கிலோமீட்டர். பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று ஓசூர் ரோட்டின் எல்லாச் சோதனைகளையும் தாண்டிப் போகிற கால்பந்து ரசிகர், கடைசி நாற்பது மீட்டரில் கோட்டை விடுகிறார். மொபைலில் டிக்கெட் எடுக்கும்போது ஸ்டேடியத்தின் படம் வரும். கோல் போஸ்ட்டுக்கு நேர் பின்னால் ஒரு கட்டம் காலியாக இருக்கும். விலையும் குறைவு. "கோல் பக்கத்துலயே இருக்கு மச்சி, போட்டுடு" என்று நாலு டிக்கெட் போட்டுவிடுவார்கள். போய் உட்கார்ந்த பிறகுதான் தெரியும், கோலுக்கும் தங்களுக்கும் நடுவே ஓர் ஓட்டப்பந்தயமே நடத்தலாம் என்று.

உண்மையிலேயே நடத்துகிறார்கள். கண்டீரவா கால்பந்துக்கென்று கட்டிய ஸ்டேடியம் கிடையாது. 1997-இல் பெங்களூரில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுந்த தடகள அரங்கம் அது. ஆடுகளத்தைச் சுற்றி ரன்னிங் டிராக் ஓடுகிறது. பெங்களூரு எஃப்சியின் சொந்த மைதானமாக அது ஆனது 2014-15 சீசனிலிருந்துதான். அதாவது நாம் தடகளக்காரர் வீட்டில் குடியிருந்து கால்பந்து பார்க்கிறோம். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும், எங்கே உட்காருவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மீதிப் பாதிக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

400 மீட்டர் டிராக் உலகில் எங்கே போட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். நேராக ஓடும் பகுதி 84.39 மீட்டர், இரண்டு முனைகளிலும் 36.5 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டம். ஒருவர் ஓடும் பாதை 1.22 மீட்டர் அகலம், எட்டுப் பாதைக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த முட்டை வடிவத்துக்குள் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள கால்பந்து ஆடுகளத்தைப் பொருத்திப் பாருங்கள். பக்கவாட்டில் டச் லைனுக்கும் டிராக்குக்கும் நடுவே இரண்டரை மீட்டர்தான் மிஞ்சும். முனைகளிலோ அரைவட்டம் வயிறு தள்ளி நிற்கும். கோல் லைனிலிருந்து டிராக்கின் வெளி விளிம்புக்கு 36 மீட்டர். அதற்குப் பிறகு நடைபாதை, வேலி எல்லாம் போக, முதல் வரிசையிலேயே உட்கார்ந்தாலும் கோலுக்கும் நமக்கும் நாற்பது மீட்டர்.

பக்கத்தில் இருக்கும் கோலுக்கே நாற்பது என்றால், எதிர்ப்பக்கத்து கோல் 145 மீட்டர். அங்கே நடப்பதைக் கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். இதே ரசிகர் பக்கவாட்டு ஸ்டாண்டில் நடுக்கோட்டுக்கு நேராக உட்கார்ந்திருந்தால் இரண்டு கோல்களும் அவருக்கு ஏறத்தாழ 72 மீட்டரில் இருந்திருக்கும்.

ஸ்டேடியம் வடிவமைப்பவர்களிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஆடுகளத்தின் மையப் புள்ளியிலிருந்து 90 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடு, அதற்குள் எவ்வளவு இருக்கைகளை அடைக்க முடியுமோ அவ்வளவு நல்லது என்பார்கள். எந்த இருக்கையிலிருந்தும் மிகத் தொலைவான கார்னர் 190 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது வெளி எல்லை. டிராக் உள்ள அரங்கில் கோலுக்குப் பின்னால் முதல் வரிசை, மையத்திலிருந்து 92 மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. நல்ல இருக்கைகளின் வட்டம் முடிந்த இடத்தில்தான் அந்த ஸ்டாண்டே ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு வரிசையாக மேலே ஏற ஏறத் தூரம் இன்னும் கூடும்.

கோலுக்குப் பின்னால் உட்காரும் ஆசை ஐரோப்பிய மைதானங்களை டிவியில் பார்த்துப் பார்த்து நமக்கு வந்தது. லிவர்பூலின் கோப் ஸ்டாண்டும், ஜெர்மனியின் டார்ட்மண்டில் 25,000 பேர் நின்றுகொண்டே பார்க்கும் தெற்குச் சுவரும் கோலுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. அங்கே டிராக் கிடையாது. கோல்கீப்பர் திட்டுவது முதல் வரிசைக்குக் கேட்கும். அந்த அனுபவத்தைக் கண்டீரவாவிலோ, சென்னை நேரு ஸ்டேடியத்திலோ, கொல்கத்தா சால்ட் லேக்கிலோ தேடினால் கிடைக்காது. மூன்றிலும் டிராக் உண்டு.

டிராக்கைத் திட்டுவதும் நியாயமில்லை என்பதை ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கால்பந்துக்கு இந்த அரங்கத்தைக் கொடுத்ததால் தங்கள் பயிற்சி கெடுகிறது என்று தடகளத்துக்காரர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தைக் கண்ணால் பார்க்க 2025 ஜூலை 5 அன்று ஒரு வாய்ப்பு கிடைத்தது. நீரஜ் சோப்ரா தன் பெயரில் நடத்திய ஈட்டி எறிதல் போட்டி அன்று கண்டீரவாவில் நடந்தது, அவரே 86.18 மீட்டர் எறிந்து ஜெயித்தார். ஈட்டிக்காரர் ஓடிவரும் பாதை அந்த அரைவட்ட முனையில்தான் வரும். கால்பந்து ரசிகர் சபிக்கிற அதே முனையில் உட்கார்ந்தவருக்கு, ஈட்டி தன் முன்னாலிருந்து கிளம்பி எதிர்ப்பக்கம் போய்ச் செருகுவதைப் பார்க்கும் பாக்கியம். ஸ்டாண்ட் ஒன்றுதான், ஆட்டத்துக்கு ஆட்டம் அதன் மதிப்பு மாறுகிறது.

சரி, பக்கவாட்டு ஸ்டாண்ட் என்று முடிவாயிற்று. அதில் எங்கே?

டிவி கேமரா இருக்கும் இடம்தான் சிறந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. நடுக்கோட்டுக்கு நேராக, உயரத்தில். விலையும் அங்கேதான் அதிகம். என் ஓட்டு அங்கே இல்லை. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து எப்போதும் பார்க்கிற அதே கோணத்தைப் பார்க்க எதற்கு ஓசூர் ரோட்டைக் கடந்து போக வேண்டும்? பெனால்டி பாக்ஸின் விளிம்புக்கு நேராக, பாதிக்கு மேலான வரிசையில் ஓர் இடம் பிடியுங்கள். பக்கத்து கோல் 53 மீட்டருக்கு வந்துவிடும். தூரத்து கோல் நூறு மீட்டருக்குச் சற்று மேல் போகும், போகட்டும். ஒரு பாதியில் நம் ஆட்கள் தாக்குவதைப் பக்கத்தில் பார்க்கலாம், மறுபாதியில் தடுப்பதைப் பார்க்கலாம். டிவி ஒருபோதும் காட்டாத காட்சி இந்த இரண்டாவதுதான். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது நம் சென்டர் பேக் இரண்டு பேரும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கையைக் காட்டி ஒருவரையொருவர் முன்னே இழுத்துக்கொண்டும் பின்னே தள்ளிக்கொண்டும் இருப்பார்கள். ஒருவர் நாலடி முன்னே போனால், மற்றவர் தோளுக்கு மேல் திரும்பி எதிரணி ஸ்ட்ரைக்கர் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். பந்தைத் தொடாமல் ஐந்து நிமிடம் இதே வேலை. அதைப் பார்க்கப் பழகிவிட்டால், கோல் விழுவதற்கு முன்பே எங்கே ஓட்டை விழுந்தது என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லலாம். அவருக்குப் பிடிக்காது, அது வேறு.

உயரம் ஏன் என்றால், கால்பந்தைத் தரை மட்டத்திலிருந்து பார்த்தால் அது ஒரு கோடு. கண் ஆடுகளத்தைவிட மூன்று மீட்டர் உயரத்தில், ஆட்டம் ஐம்பது மீட்டர் தள்ளி என்றால் பார்வை இறங்கும் கோணம் மூன்று டிகிரி சொச்சம். இருபத்திரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டு தெரிவார்கள். பந்து காற்றில் போனால் அது பத்து மீட்டர் தள்ளி விழுமா, முப்பது மீட்டரா என்று சொல்ல முடியாது. அதே ஐம்பது மீட்டருக்குப் பன்னிரண்டு மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் கோணம் 13 டிகிரியைத் தாண்டும். ஆட்டக்காரர்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி தெரிய ஆரம்பிக்கும். கால்பந்தில் பார்க்க வேண்டியதே இடைவெளிதான். ஆட்களை நாளைப் பேப்பரில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வரிசை மோகத்துக்கும் இதே பதில்தான். சினிமா தியேட்டரில் முதல் வரிசையை யாரும் விரும்பி வாங்குவதில்லை. ஸ்டேடியத்தில் மட்டும் வாங்குகிறோம். விளம்பரப் பலகை, டக்அவுட் கூரை, நின்றுகொண்டே ஆட்டத்தை நடத்தும் கோச், பந்து பொறுக்கும் பையன்கள், போலீஸ்காரர், கேமராக்காரர் எல்லாரும் முதல் நாலு வரிசைக்கும் ஆட்டத்துக்கும் நடுவில்தான் நிற்பார்கள். நம் ஆட்டக்காரர் ஒருவர் கார்னர் எடுக்க வரும்போது பக்கத்தில் பார்க்கலாம் என்பது உண்மை. அந்த ஒரு நிமிடத்துக்காக மீதி எண்பத்தொன்பதைக் கொடுப்பதா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும். குழந்தையைக் கூட்டிப் போகிறவர்களுக்கு மட்டும் சலுகை தரலாம். அதற்கு ஆஃப்சைடு புரியப் போவதில்லை. ஜெர்சியில் இருக்கும் எண்ணைப் படிக்க முடிந்தாலே பரம சந்தோஷம்.

பக்கவாட்டு ஸ்டாண்டுக்கே உரிய ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது, அதையும் சொல்லிவைக்கிறேன். எதிர்ப்பக்கத்து விங்கிலிருந்து அடித்த பந்து கோல் போஸ்ட்டுக்கு வெளியே போய்ப் பக்கவாட்டு வலையில் மோதும். வலை குலுங்கும். நம் ஸ்டாண்டில் பாதிப் பேர் எழுந்து கத்திவிடுவார்கள். கோலுக்குப் பின்னால் இருப்பவர்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். பந்து கம்பத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று அவர்களுக்கு மட்டும்தான் சந்தேகமில்லாமல் தெரியும். நாற்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்தவர்களுக்கு இருக்கும் ஒரே பழிவாங்கல் அது. ஆஃப்சைடு விஷயத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு நேர்கோட்டில் நிற்பவர் லைன்ஸ்மேன் ஒருவர்தான். நாம் பத்து மீட்டர் முன்னே பின்னே உட்கார்ந்திருந்தாலே கோணம் மாறிவிடும். ஆனாலும் இருபதாயிரம் பேரும் தீர்ப்பு சொல்வோம்.

முன்னால் இருப்பவரின் தலை இன்னொரு பிரச்சினை. நம் கண்ணிலிருந்து டச் லைனுக்குப் போகும் பார்வைக் கோடு, முன்வரிசைக்காரரின் கண்ணுக்கு எவ்வளவு மேலே கடக்கிறது என்பதை வைத்துத்தான் படிக்கட்டின் உயரத்தைத் தீர்மானிக்கிறார்கள். ஒன்பது சென்டிமீட்டர் கிடைத்தால் நிம்மதியாகப் பார்க்கலாம். ஆறு சென்டிமீட்டர் என்றால் சமாளிக்கலாம். அதற்கும் கீழே என்றால் ஆட்டம் முழுக்க இடது வலது என்று ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இந்தக் கணக்கு முழுக்க எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் போட்டது. முன்னால் ஒருவர் எழுந்து நின்றால் பின்னால் முப்பது வரிசையும் நிற்க வேண்டும்.

நின்றே பார்ப்போம் என்று முடிவு செய்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லாமல் பெங்களூர்க் கால்பந்தைப் பற்றி எழுத முடியாது.

பெங்களூரு எஃப்சி 2013-இல் பிறந்த அணி. 2013 செப்டம்பர் 22 அன்று மோகன் பகானுடன் 1-1 என்று முதல் ஆட்டம். முதல் சீசனிலேயே ஐ-லீக் சாம்பியன். அந்த சீசன் நடந்தது அசோக் நகரில் இருக்கும் பெங்களூர் கால்பந்து ஸ்டேடியத்தில். டிராக் இல்லாத, சின்ன, செயற்கைப் புல் மைதானம். அதன் மேற்கு பிளாக்கில் நின்று பாடிய கூட்டம்தான் வெஸ்ட் பிளாக் புளூஸ். கண்டீரவாவுக்கு அணி மாறியபோது அவர்களும் மாறினார்கள். அங்கேயும் மேற்கு ஸ்டாண்டுதான். ஐரோப்பாவில் இந்த மாதிரிக் கூட்டம் கோலுக்குப் பின்னால் இடம் பிடிக்கும். இங்கே பக்கவாட்டில் நிற்கிறது. பேருக்காக மேற்கே போனார்களோ என்னவோ, தூரக் கணக்கும் அவர்கள் பக்கம்தான். முனையில் நின்று கத்தியிருந்தால் அரைவட்டம் பாதிச் சத்தத்தை விழுங்கியிருக்கும்.

அந்தக் கூட்டத்துக்குள் டிக்கெட் எடுப்பவர் இரண்டு விஷயங்களுக்குத் தயாராகப் போக வேண்டும். ஒன்று, உட்கார முடியாது. தொண்ணூறு நிமிடமும் நிற்க வேண்டும், கை தட்ட வேண்டும், கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பாட வேண்டும். தமிழில் மனதுக்குள் திட்டிக்கொள்ளலாம். இரண்டு, ஆட்டத்தில் நிறையத் தவறவிடுவீர்கள். கொடி குறுக்கே வரும், டிரம் அடிப்பவரின் முழங்கை இடிக்கும். கோஷம் எடுத்துக்கொடுப்பவரைக் கவனியுங்கள். வேலியோரம் ஏறி நின்று கூட்டத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார். ஆடுகளம் அவருக்கு முதுகுப்பக்கம். கோல் விழுந்ததை எதிரே இருக்கும் முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். டிக்கெட் காசு கொடுத்துவிட்டு ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறாரே என்று முதல் தடவை பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அவர் வந்தது அதற்குத்தான்.

2016 அக்டோபர் 19 அன்று அங்கே இருந்தவர்கள் பாக்கியசாலிகள். ஏஎஃப்சி கோப்பை அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், எதிரே நடப்புச் சாம்பியனான மலேசியாவின் ஜோகூர் அணி. பதினோராவது நிமிடத்திலேயே ஜோகூர் கோல் போட்டது. பெங்களூரு அணிக்காகச் சுனில் சேத்ரி இரண்டு, ஜுவானன் ஒன்று என்று திருப்பியடித்து 3-1. ஆசியக் கோப்பை ஒன்றின் இறுதிக்குப் போன முதல் இந்திய அணியை அன்றைக்கு எந்த ஸ்டாண்டில் இருந்து பார்த்தாலும் நல்ல இருக்கைதான். இறுதிப் போட்டி தோஹாவில், ஈராக்கின் விமானப்படை அணியிடம் 1-0 என்று தோல்வி. அதை இங்கிருந்து பெரும்பாலானவர்கள் டிவியில்தான் பார்த்தார்கள்.

விலை அதிகமான இருக்கை நல்ல இருக்கை என்ற மூடநம்பிக்கைக்கு மருந்து கொல்கத்தாவில் கிடைத்தது. 2025 டிசம்பர் 13 அன்று மெஸ்ஸி சால்ட் லேக் மைதானத்துக்கு வந்தார். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் எடுத்தவர்கள் காலையிலிருந்து காத்திருந்தார்கள். மெஸ்ஸி வந்தார், அவரைச் சுற்றிப் பெரிய மனிதர்களும் அவர்களுடைய போட்டோக்காரர்களும் வளையம் போட்டார்கள். கேலரியிலிருந்து பார்த்தால் ஒரு கும்பல் நகர்வது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மெஸ்ஸி போய்விட்டார். ரசிகர்கள் இருக்கைகளைப் பிடுங்கி ஆடுகளத்தில் எறிந்தார்கள். ஆடுகளத்துக்குள் நிற்க அனுமதி இருப்பவர்தான் அன்றைக்கு முதல் வரிசை. கேலரியில் எங்கே உட்கார்ந்தாலும் கடைசி வரிசை.

அதே கொல்கத்தாவில் யார் பக்கத்தில் உட்காருகிறோம் என்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்த நாளும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ், ஈஸ்ட் பெங்கால் – மோகன் பகான் ஆட்டம். இரண்டு அணி ரசிகர்களும் ஒரே ஸ்டாண்டில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆடுகளத்தில் கிளம்பிய சண்டை கேலரிக்குப் பரவி, நெரிசலில் 16 பேர் செத்துப்போனார்கள். இப்போது எதிரணி ரசிகர்களுக்குத் தனி ஸ்டாண்ட் ஒதுக்குவது அப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகுதான். கேரளா பிளாஸ்டர்ஸ் பெங்களூர் வரும்போது மஞ்சள் சட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள். நீலச் சட்டை போட்டுக்கொண்டு மலிவாகக் கிடைத்ததே என்று அந்தப் பக்கம் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். அடிக்க மாட்டார்கள். கோல் விழுந்தால் சத்தமில்லாமல் சந்தோஷப்பட வேண்டியிருக்கும், அது அடியைவிட மோசம்.

பெங்களூர்த் தமிழர்களுக்குக் கால்பந்து ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீகோடு வந்ததல்ல. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக, சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேச கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். அந்த ஆட்டத்தில் இந்தியா 2-1 என்று தோற்றது. நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். அல்சூர் பக்கத்தில் தமிழ் பேசுகிற கௌதமபுரத்தில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசாவோடு பீலேவுக்கும் சிலை இருக்கிறது. கன்டோன்மென்ட் பகுதியின் இந்தப் பழைய ரசிகர்களுக்கு இருக்கை என்ற பேச்சே கிடையாது. டச் லைன் ஓரமாக நின்று, பந்து போகும் பக்கம் கூடவே நடந்து பார்க்கிற பரம்பரை. சந்தாபுராவிலும் ஆனேக்கல் ரோட்டிலும் ஞாயிற்றுக்கிழமை காலி மனையில் பையன்கள் ஆடும்போது இன்றும் அப்படித்தான் பார்க்கிறார்கள். பைக்கை ஸ்டாண்ட் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பவர்தான் விஐபி. பந்து அவர் பக்கம் வந்தால் எழுந்து உதைத்துத் திருப்பி அனுப்ப வேண்டிய கடமையும் உண்டு. ஆட்டத்துக்கு அவ்வளவு பக்கத்தில் எந்த ஸ்டேடியத்திலும் டிக்கெட் விற்பதில்லை.

பக்கத்தில் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதைக் கேரளாவின் மலப்புரத்துக்காரர்கள் அறிவார்கள். அங்கே அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்களுக்கு ஆடுகளத்தின் கோட்டை ஒட்டியே மரம் கட்டித் தற்காலிக கேலரி போடுவார்கள். 2022 மார்ச்சில் பூங்கோட்டில் அப்படி ஒன்று சரிந்து, சுமார் இருநூறு பேருக்குக் காயம்.

வானத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாலை ஐந்து மணி ஆட்டம் என்றால் கிழக்கு ஸ்டாண்டில் உட்காருபவர் முதல் பாதி முழுக்க மேற்குச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேற்கு ஸ்டாண்டுக்குச் சூரியன் முதுகுப்பக்கம். உலகம் முழுக்க முக்கியமான ஸ்டாண்டையும் டிவி கேமராவையும் மேற்கே வைப்பதற்கு இதுதான் காரணம். ஏழரை மணி ஆட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அக்டோபர் சாயங்காலத்து மழை எல்லா ஆட்டத்துக்கும் பொது. கூரை இருக்கும் ஸ்டாண்டிலும் முன்வரிசைகளை நம்பக் கூடாது. பெங்களூர் மழை நேராகப் பெய்யாது. கூரையின் நுனிக்கு நேர் கீழே இருப்பவர் கூரையே இல்லாதவரைவிட அதிகமாக நனைவார். தண்ணீருக்கு அங்கே பழைய உரிமையும் இருக்கிறது. கண்டீரவா நிற்பது சம்பங்கி ஏரி இருந்த இடத்தில். ஏரியில் மிச்சம் இருப்பது பக்கத்தில் ஒரு சின்னக் குளம், கரகத் திருவிழாவின்போது இன்றும் சடங்கு நடக்கும் இடம்.

கேட் விஷயம் எல்லாவற்றையும்விட முக்கியம், ஆனால் டிக்கெட் எடுக்கும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. 2025 ஜூன் 4 அன்று கண்டீரவாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசல்களில் கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்துக்கு வந்த 11 பேர் நெரிசலில் இறந்தார்கள். உள்ளே போய் உட்காரவே இல்லை அவர்கள். 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோவிலும் வினை தொடங்கியது வாசலில்தான். ஆட்டம் ஆரம்பிக்கப் போகிறது என்று ஒரே கேட்டைத் திறந்து எல்லாரையும் ஏற்கெனவே நிரம்பிய பகுதிக்குள் விட்டார்கள்; 97 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே பெரிய மைதானங்களில் எல்லாருக்கும் இருக்கை கட்டாயமானது. ஆகவே டிக்கெட்டில் கேட் எண்ணைப் பாருங்கள், முக்கால் மணி நேரம் முன்னால் போங்கள், உட்கார்ந்ததும் வெளியே போகும் வழி எந்தப் பக்கம் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

இனி சந்தாபுராக்காரரின் சொந்தப் பிரச்சினைக்கு வருகிறேன். அவர் வீடு திரும்ப வேண்டும்.

2025 ஆகஸ்டில் மஞ்சள் லைன் மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு இது கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர் சொச்சம், 16 ஸ்டேஷன். சந்தாபுராவிலிருந்து பொம்மசந்திரா ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவிலோ பைக்கிலோ போய், ஆர்.வி. ரோட்டில் பச்சை லைனுக்கு மாறி, மெஜஸ்டிக்கில் ஊதா லைனுக்கு மாறி, கப்பன் பார்க்கில் இறங்கினால் இருபது நிமிட நடை. மூன்று வண்டி மாற வேண்டும் என்றாலும் சில்க் போர்டில் நின்றுகொண்டே வயசாக வேண்டியதில்லை. மெட்ரோ வந்த அந்த வருடமே, செப்டம்பரில் தொடங்க வேண்டிய ஐஎஸ்எல் ஒப்பந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு தள்ளிப்போனது என்பதுதான் நம் ராசி.

ஏழரை மணி ஆட்டம் ஒன்பதரைக்கு முடியும். இருபதாயிரம் பேரோடு சேர்ந்து வெளியே வந்து, கஸ்தூர்பா ரோட்டில் நடந்து, இரண்டு தடவை ரயில் மாறி பொம்மசந்திரா வந்து சேரக் கடைசி ரயிலை மனதில் வைத்துக் கணக்குப் போட வேண்டும். லீக் ஆட்டம் என்றால் தாராளமாக முடியும். நாக் அவுட் என்றால்தான் வில்லங்கம், எக்ஸ்ட்ரா டைம் வரும். 2023 மார்ச் 3 அன்று கண்டீரவாவில் பெங்களூரு – கேரளா பிளாஸ்டர்ஸ் நாக் அவுட். தொண்ணூறு நிமிடம் முடிந்து 0-0. ஓசூர் ரோட்டுப் பக்கம் மெட்ரோ இல்லாத காலம், கடைசி பஸ்ஸை நினைத்து எழுந்திருக்க நியாயமான நேரம். 96-வது நிமிடத்தில் ஃப்ரீ கிக். பிளாஸ்டர்ஸ் சுவர் கட்டி முடிப்பதற்குள், கோல்கீப்பர் நிலைக்கு வருவதற்குள் சேத்ரி பந்தைத் தட்டி உள்ளே விட்டார். ரெஃப்ரி கோல் என்றார். பிளாஸ்டர்ஸ் கோச் தன் ஆட்களை ஆடுகளத்திலிருந்து வெளியே கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். ஆட்டம் அதோடு சரி. இந்தியக் கால்பந்து வருடக்கணக்கில் சண்டை போடப்போகிற ஒரு கோலை, மைதானத்துக்குள்ளேயே இருந்தவர்களில் எத்தனை பேர் மொபைலைப் பார்த்துக்கொண்டு தவறவிட்டார்களோ!

சீக்கிரம் கிளம்பத்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படிக்கட்டை ஒட்டிய ஓரத்து இருக்கையாகப் பார்த்து எடுங்கள். வரிசையின் நடுவிலிருந்து எழுந்து "கொஞ்சம் வழி விடுங்கண்ணா" என்று நகர்ந்துகொண்டே போகும் நேரம் பார்த்துத்தான் சேத்ரி மாதிரி ஒருவர் ஃப்ரீ கிக் எடுப்பார். அப்புறம் அந்த வரிசைக்காரர்கள் உங்களைச் சந்தாபுரா வரை துரத்திக்கொண்டு வந்தாலும் ஆச்சரியமில்லை.